பாகம் மாறிய பழைய சைக்கிள்: மூன்று வண்டிகளுக்கு நடுவே ஒரு முடிவு

பழைய சைக்கிள் வாங்கப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது அதன் ஒட்டுப்போட்ட தோற்றம்தான். வலப்புறம் ரப்பர்க் கட்டை வைத்த பெடல் இருக்க, இடப்புறம் பிளாஸ்டிக் பெடல் இருக்கும். முன் ரிம் பளபளக்க, பின் ரிம் துருவேறி நிற்கும். சட்டத்தில் ஒரு கம்பெனியின் பெயரும் செயின் வீலில் வேறொரு கம்பெனியின் பெயரும் காணப்படும். அதைப் பார்த்ததும் நம்மில் பலர் அந்த வண்டியை ஒதுக்கிவிட்டு, ஒரே நிறமும் ஒரே கம்பெனியின் ஸ்டிக்கர்களுமாக நிற்கும் இன்னொரு வண்டியின் பக்கம் நகர்ந்துவிடுகிறோம். சென்ற ஆண்டு நானும் அப்படித்தான் நகர்ந்தேன். இரண்டையும் அக்கக்காகப் பார்த்தபின் திரும்பி வந்தேன். எந்தப் பாகம் மாறியிருக்கிறது, எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று கேட்காமல், மாறியிருக்கிறதா தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டது என் பிழை.

என் தேவை எளியது. கும்பகோணத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து காலையில் ரயில் நிலையத்துக்குப் போய், மாலையில் திரும்ப வேண்டும். காவிரிப் படுகையில் மேடு என்றால் ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். பகல் முழுவதும் வண்டி வெயிலிலும் மழையிலும் நிலையத்து வாசலில் நிற்கும் என்பதையும், வழியில் ஏதாவது முறிந்தால் கிராமத்துச் சைக்கிள் கடையில்தான் சரிசெய்தாக வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது.

எதிரே மூன்று வண்டிகள் இருந்தன. முதலாவது, 28 அங்குலச் சக்கரமும், கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டுகளால் இயங்கும் ராடு பிரேக்கும் கொண்ட, ஒரு காலத்தில் எல்லா வீட்டுத் திண்ணையிலும் சாய்ந்து நின்ற கறுப்பு வண்டி. அதன் சட்டம் ஹெர்குலிஸ். மற்றவை பல கைகள் மாறி வந்து சேர்ந்தவை. விலை 1,800 ரூபாய் சொன்னார்கள். இரண்டாவது, அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்தத்தில் மூன்று ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடந்த, 26 அங்குலச் சக்கரமுள்ள, 21 கியர் வண்டி, 4,000 ரூபாய். மூன்றாவது, கடையில் புதிதாகக் கிடைக்கும் கியர் இல்லாத சாதாரண வண்டி; 6,500 ரூபாய்.

கறுப்பு வண்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பாகம் மாறுவது என்பதன் பொருள் அதில்தான் தெளிவாக விளங்கும். ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் சென்னை அம்பத்தூரிலும், அட்லஸ் 1951-இல் சோனிபட்டிலும், ஹீரோ 1956-இல் லூதியானாவிலும் தொடங்கின. கம்பெனிகள் வேறானாலும் அவை செய்த கறுப்பு வண்டிகள் எல்லாம் ஒரே ஆங்கிலேய மாதிரியின் பிள்ளைகள் என்பதால், ஒன்றின் பெடல் இன்னொன்றின் கிராங்கிலும் (பெடலைத் தாங்கும் கை), ஒன்றின் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) இன்னொன்றின் தலைக்குழாயிலும் (சட்டத்தின் முன்புறக் குழாய்) பெரும்பாலும் ஒழுங்காக உட்காரும். 2020 ஜூனில் அட்லஸ் தன் சாகிபாபாத் ஆலையை நிறுத்தியபோதும் அட்லஸ் வண்டி வைத்திருந்தவர்கள் செயினுக்கோ ஃப்ரீவீலுக்கோ (பின் சக்கரத்துப் பல்சக்கரம்) கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ஏனெனில் அந்தப் பாகங்கள் அட்லஸுக்கென்று தனியாகப் பிறந்தவை அல்ல. ஆகவே இந்த வகை வண்டியில் ஐந்து கம்பெனிகளின் பெயர் தெரிந்தால் அது குறையாகாது. நாற்பது ஆண்டுகளில் ஐந்து முறை யாரோ ஒருவர் அக்கறையோடு பழுது நீக்கியிருக்கிறார் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

ஆனால் இதிலும் பொருந்தாத மாற்றம் ஒன்று உண்டு. அதைப் பார்க்கத் தவறினால் உயிருக்கே ஆபத்து. ராடு பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டைப் பிடிப்பதில்லை. சக்கரத்தின் நடுவை நோக்கியிருக்கும் உட்புறத்தை, கம்பிகள் நுழையும் வரிசைக்கு இரு பக்கமும் மேல்நோக்கி இழுத்து அழுத்துகின்றன. அதற்கென்றே அந்த ரிம்மின் உட்புறம் இரண்டு வளைந்த தடங்களாக உருவாக்கப்பட்டிருக்கும். கேபிள் பிரேக்குக்கான ரிம்மிலோ பக்கச் சுவர் தட்டையாக இருக்கும். உட்புறத்தில் கட்டை உட்காரத் தடம் இருக்காது. ரிம் வளைந்துபோன அவசரத்தில் யாரோ கையில் கிடைத்த தட்டை ரிம்மைக் கோத்துவிட்டால், வண்டி அழகாக ஓடும், பிரேக்கும் பிடிப்பதுபோலத் தோன்றும். கட்டையின் ஓரம் மட்டுமே உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். நான் பார்த்த வண்டியின் பளபளத்த முன் ரிம் அப்படிப்பட்டதுதான். துருவேறிய பின் ரிம்தான் சரியான ரிம் என்பதை அறிய, குனிந்து கட்டையையும் தடத்தையும் பார்க்க வேண்டியிருந்தது.

ரிம்மைப் பார்க்கும்போதே கம்பிகளை எண்ணிவிடுவது நல்லது. இந்த மாதிரி வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பிகளும், பாரம் தாங்கும் பின் சக்கரத்துக்கு 40 கம்பிகளும் வழக்கம். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் துளைகளும் ரிம்மின் துளைகளும் எண்ணிக்கையில் ஒத்துப்போகாமல் சில துளைகள் வெறுமையாக விடப்பட்டிருந்தால், அந்தச் சக்கரத்தின் கோட்டத்தை எத்தனை முறை எடுத்தாலும் அது மீண்டும் கோணும்.

டயரில் வேறொரு குழப்பம் காத்திருக்கிறது. '26 அங்குலம்' என்று கேட்டு வாங்கினால் போதும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். பழைய பாணி 26 x 1 3/8 டயர் அமரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். மலைப்பாதை வண்டிகளின் 26 அங்குல டயருக்கு அது 559 மில்லிமீட்டர். இரண்டும் 26 என்றே அழைக்கப்படுகின்றன. ஒன்று மற்றொன்றில் ஏறாது. கறுப்பு வண்டியின் 28 x 1 1/2 டயருக்கு 635 மில்லிமீட்டர். டயரின் பக்கச் சுவரில் 40-635 அல்லது 37-590 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் இரட்டை எண்ணில், இரண்டாவது எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால் வாக்குவாதத்துக்கே இடமிருக்காது. டயரின் ரப்பர் வெடித்திருப்பதோ பட்டன் தேய்ந்திருப்பதோ வண்டியை ஒதுக்கக் காரணமாகாது. எப்படியும் மாற்றப்போகும் பொருள் அது.

தேய்மானத்தைப் பொறுத்தவரை நான் வகுத்துக்கொண்ட பிரிவு இதுதான். டயர், டியூப், பிரேக் கட்டை, செயின், பெடல், பால்ரஸ் (சுழலும் இடங்களிலுள்ள சிறு எஃகுக் குண்டுகள்) ஆகியவை தேய்வதற்காகவே பிறந்தவை. அவை எவ்வளவு தேய்ந்திருந்தாலும் விலையைக் குறைத்துக் கேட்க ஒரு வாய்ப்பு என்பதற்கு மேல் அவற்றுக்குப் பொருளில்லை. சட்டம், ஃபோர்க், கிராங்கைத் தாங்கும் குழாயின் மரை, பெடல் ஏறும் மரை, கிராங்க் அச்சில் உட்காரும் இடம் ஆகியவை மற்ற பாகங்கள் அமர்வதற்கான இருக்கைகள். இருக்கை தேய்ந்துவிட்டால் அதில் எந்தப் புதிய பாகத்தை வைத்தாலும் ஆடும்.

இந்த வேறுபாட்டைக் கிராங்கைப் போல் எதுவும் காட்டாது. கறுப்பு வண்டியில் கிராங்க், காட்டர் பின் என்ற ஆப்பு போன்ற சிறு ஆணியால் அச்சோடு இறுக்கப்படுகிறது. அந்த ஆணி தேய்ந்தால் மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் காலடியில் 'டக்' என்று ஓர் அசைவு தெரியும். இரண்டு கிராங்குகளும் ஒரே கோட்டில் நில்லாமல் சற்று முறுக்கி நிற்கும். பயமுறுத்தும் இந்தக் குறைக்கு மருந்து சில பத்து ரூபாய் விலையுள்ள ஒரு பின்னும், அதை அரத்தால் இழைத்துப் பொருத்தும் ஒரு கையும்தான். கியர் வண்டியில் பெரும்பாலும் சதுர முனையுள்ள அச்சின் மேல் கிராங்க் நேரடியாக ஏறி, போல்ட்டால் இறுக்கப்படுகிறது. அந்த போல்ட் தளர்ந்த நிலையிலேயே சில வாரங்கள் ஓட்டினால், அலுமினியக் கிராங்கின் சதுரத் துளை மெல்ல வட்டமாகிவிடும். அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் அது மறுபடி தளரும். கிராங்கை மாற்றுவதைத் தவிர வழியில்லை. நான் பார்த்த கியர் வண்டியின் இடது கிராங்கில் அந்த ஆட்டம் இருந்தது. வெளித்தோற்றத்தில் கறுப்பு வண்டியின் 'டக்' ஓசைக்கும் இதற்கும் வேறுபாடே தெரியாது.

பெடலைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. இடது பெடலின் மரை இடஞ்சுழி என்பதை அறியாமல் யாரோ வலது பெடலை இடப்புறம் திணித்திருந்தால், பெடல் போவதோடு கிராங்கின் மரையும் போகும். வண்டியைச் சாய்த்து வைத்து, இரண்டு பெடல்களும் கோணாமல் நேராக ஏறியிருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். ஜோடி மாறிய பெடல் என்பது வேறு, பக்கம் மாறிய பெடல் என்பது வேறு.

இனி செயின். சைக்கிள் செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே அரை அங்குலம். ஆகவே இரும்பு அளவுகோலின் பூஜ்யத்தை ஓர் ஆணியின் நடுவில் வைத்தால், 24 இடைவெளிகள் தாண்டிய ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால், நீண்ட செயின் பல்சக்கரங்களையும் தன் அளவுக்கு அரித்துவிட்டது என்று கொள்ளலாம். இந்த இரண்டாவது நிலையில் புதிய செயினை மட்டும் போட்டால், அது அரிக்கப்பட்ட பற்களில் சரியாக அமராமல், அழுத்தி மிதிக்கும்போது நழுவும். பழைய செயினோடு ஓடிய வண்டி புதிய செயினோடு ஓடவில்லையே என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குற்றம் கடைக்காரருடையது அல்ல.

இங்கும் இரண்டு வண்டிகளும் பிரிகின்றன. ஒற்றைப் பல்சக்கரத்தில் நேர்கோட்டில் ஓடும் கறுப்பு வண்டியின் செயின் நீண்டுவிட்டால், பின் சக்கரத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தோ ஒரு கண்ணியைக் கழற்றியோ இன்னும் பல காலம் ஓட்டிவிடலாம். மாற்றுவதானாலும் ஒரு செயின், ஒரு ஃப்ரீவீல் என்று கணக்கு முடிந்துவிடும். ஃப்ரீவீலை மாற்றும்போதே பற்களின் எண்ணிக்கையை நம் காலுக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ளவும் முடியும். முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 5.5 மீட்டர் நகரும். பின்னே 20 பல் போட்டால் 4.9 மீட்டர். மேம்பாலத்தில் முழங்கால் அந்த அரை மீட்டருக்கும் மேலான வேறுபாட்டை நன்றாக உணரும். கியர் வண்டியிலோ ஏழு பல்சக்கரங்கள் ஒன்றாகச் சேர்ந்த கட்டு, முன்னே மூன்று, ஒரு செயின் என்று எல்லாம் ஒன்றையொன்று தொடரும் செலவுகள்.

நான் பார்த்த கியர் வண்டியின் பொருத்தமின்மை கண்ணுக்குத் தெரியாதது என்பதுதான் அதன் சிக்கல். கைப்பிடியில் ஏழு கியருக்கான மாற்றி இருந்தது. பின் சக்கரத்திலோ யாரோ ஆறு பல்சக்கரக் கட்டைப் போட்டிருந்தார்கள். ஏழுக்கும் எட்டுக்கும் பல்சக்கர இடைவெளி ஏறக்குறைய ஒன்றே என்பதால் அவை இரண்டையும் கலந்தால் ஓரளவு ஓடிவிடும். ஆறில் இடைவெளி ஏறத்தாழ 5.5 மில்லிமீட்டர், ஏழில் 5 மில்லிமீட்டர் என்பதால், நடு கியரில் சரிசெய்தால் ஓரத்தில் உரசும், ஓரத்தில் சரிசெய்தால் நடுவில் தாவும். மெக்கானிக் எத்தனை முறை கேபிளை முறுக்கினாலும் இது தீராது. முன் பிரேக்கிலும் இதே கதை. ரிம்மின் இரு பக்கவாட்டையும் பிடிக்கும் வி-பிரேக் தன் இரு கைகளையும் மூட நிறைய கேபிளை இழுக்கும் லீவரைக் கேட்கும். அந்த வண்டியில் இருந்ததோ குறைவாக இழுக்கும் பழைய வகை லீவர். விளைவாக, கட்டை ரிம்மை முழுதாக அழுத்துவதற்கு முன்பே லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. கறுப்பு வண்டியின் தவறான ரிம்மைக் குனிந்தால் காணலாம். இந்தத் தவறான லீவரை, இழுத்துப் பார்த்து, ஏன் இப்படி என்று யோசித்தால்தான் காண முடியும்.

கியர் வண்டியின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கறுப்பு வண்டியின் எடை இருபது கிலோவை ஒட்டி வரும்; மாடிப் படியில் தூக்குவது தண்டனை. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும் என்பது ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டிய எவரும் அறிந்தது. அலுமினிய ரிம்மில் சரியாகப் பொருத்திய வி-பிரேக் அதைவிடப் பல மடங்கு நம்பத்தக்கது. மேடு பள்ளமான ஊராக இருந்தால், கோத்தகிரியிலோ ஏற்காட்டிலோ இருந்தால், நான் இந்தக் கட்டுரையை வேறுவிதமாகத்தான் எழுதியிருப்பேன். அத்தகைய ஊரில் கலப்பில்லாத, கியர் மாற்றியும் பல்சக்கரக் கட்டும் ஒத்துப்போகிற, கிராங்க் ஆடாத ஒரு பழைய கியர் வண்டி செயின் தேய்ந்திருந்தாலும் வாங்கத் தகுந்தது.

புதிய வண்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிள்களுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருப்பது அதன் பக்கம் ஒரு வாதம். எல்லாப் பாகமும் ஒன்றுக்கொன்று பொருந்தும், பில் இருக்கும், பழுது பார்க்கத் தெரியாதவருக்கு முதல் ஓராண்டு நிம்மதி. அதன் குறை, ரயில் நிலைய வாசலில் பகல் முழுவதும் நிற்கும் புதிய சைக்கிள் நம் கண்ணுக்கு மட்டும் புதிதாகத் தெரிவதில்லை என்பதுதான். நான்காவதாக ஒரு வழியையும் சிலர் சொன்னார்கள்: அரசு மாணவர்களுக்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டியை மலிவாக வாங்கிவிடலாம் என்று. ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகக் கொடுத்த வண்டியில் ஏறி அலுவலகம் போக எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அதை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

பழைய வண்டி எதுவானாலும் விலை பேசுவதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். முன்னால் மோதிய வண்டியில், தலைக்குழாயோடு, கிராங்கிலிருந்து சாய்வாக ஏறி வரும் கீழ்க்குழாய் சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னே, அடிப்பக்கத்துப் பெயின்ட் சுருங்கியோ விரிந்தோ இருக்கும். விரல் நுனியால் தடவினால் சிறு புடைப்பு தட்டுப்படும். பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது ஃபோர்க்கின் மேல்பாதி தலைக்குழாயின் நேர்கோட்டிலேயே இறங்காமல் பின்னுக்கு மடங்கியிருந்தால் அதுவும் மோதலின் அடையாளம். சட்டம் பக்கவாட்டில் கோணியிருக்கிறதா என்பதை அறிய ஒரு நூல் போதும். பின் அச்சு அமரும் ஒரு பக்கத்தில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கத்தில் இழுத்துக் கட்டினால், இரு பக்கமும் நூலுக்கும் சீட்டுக் குழாய்க்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். இரும்புச் சட்டத்தில் சிறு கோணலை நிமிர்த்தலாம், விரிசலைப் பற்றவைக்கலாம். அலுமினியச் சட்டத்தில் விரிசல் விட்டிருந்தால் நம் ஊர் வெல்டிங் பட்டறையை நம்பி வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கிராங்கைத் தாங்கும் குழாயின் அடியிலோ சீட்டுக் குழாயிலோ பொறித்திருக்கும் எண்ணையும் அப்போதே குறித்துக்கொண்டு, விற்பவரிடம் அந்த எண்ணோடு ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்வது பிற்காலத்துத் தலைவலியைத் தவிர்க்கும்.

எங்கள் ஊர்க் கடைக்காரரிடம் இரண்டு வண்டிகளையும் காட்டினேன். கறுப்பு வண்டியின் கிராங்கை அசைத்துப் பார்த்துவிட்டு, "சார், இதுல போனது எல்லாம் எங்கிட்ட இருக்கு, அதுல போனதை நீங்கதான் தேடிக் கொண்டுவரணும்" என்றார். அவர் போட்ட கணக்கில் கறுப்பு வண்டிக்கு முன் ரிம், கம்பிகள், இரண்டு டயர்கள், செயின், 20 பல் ஃப்ரீவீல், காட்டர் பின்கள், பால்ரஸ், ஓவராயில் (பிரித்துச் சுத்தம் செய்து பூட்டும்) கூலி எல்லாம் சேர்ந்து 2,300 ரூபாய். வண்டி விலையோடு 4,100. கியர் வண்டிக்கு கிராங்க் செட், ஏழு பல்சக்கரக் கட்டு, செயின், லீவர்கள், கேபிள்கள், டயர்கள் என்று 3,400 ரூபாய், மொத்தம் 7,400. மலிவாகத் தெரிந்த 4,000 ரூபாய் வண்டி புதிய வண்டியையே தாண்டிப் போய்விட்டது. கறுப்பு வண்டிக்கும் புதிய வண்டிக்கும் இடையே மிஞ்சியது 2,400 ரூபாய். பழுது பார்க்கப் பொறுமை இல்லாதவர் அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டுப் புதிய வண்டியை எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை; அந்தப் பொறுமை எனக்குப் பொழுதுபோக்கு என்பதால் கறுப்பு வண்டியை 1,600-க்குப் பேசி முடித்தேன்.

பளபளத்த முன் ரிம்மைக் கழற்றிவிட்டு, தடமுள்ள பழைய மாதிரி ரிம்மைக் கடைக்காரர் கோத்துக் கொடுத்தார். இடது பெடல் இன்னும் பிளாஸ்டிக், வலது பெடல் இன்னும் ரப்பர்க் கட்டை. இரண்டும் நேராகச் சுற்றுகின்றன, மாற்றும் எண்ணமில்லை.